ஒரு கம்ப்யூட்டரும் இரண்டு ஷிப்டும்

மார்ச் 3, செவ்வாய்

இரண்டு நாற்பதுக்கு ஒருமுறை. மூன்று பத்துக்கு ஒருமுறை. ஐந்தே காலுக்கு இன்னொரு முறை. இன்றிலிருந்து இந்த பிரவுசர் விழுவதை நேரம் போட்டு எழுதி வைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். வாயால் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை.

இரண்டு நாற்பதுக்கு எதிரில் நின்றவருக்கு ஒரு பக்கக் கன்னம் பந்து போல வீங்கியிருந்தது. பெயர், வயது, எந்தப் பல், எத்தனை நாளாக வலி, எல்லாவற்றையும் கேட்டு முன்பதிவுப் பக்கத்தில் நிரப்பி, சேமிக்கப் போகும் நேரத்தில் திரை வெளுத்தது. பிறகு பிரவுசரே காணோம். மகாராணி திரையில் போட்டு வைத்திருக்கும் பூனைப் படம் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. "மறுபடியும் பேரு சொல்லுங்க" என்றேன், வாயைத் திறக்கவே முடியாத மனிதரிடம். அவர் பார்த்த பார்வையை எழுத எனக்கு விருப்பமில்லை.

மகாராணி என்பது காலை ஷிப்ட். எட்டரையிலிருந்து ஒரு மணிவரை அவள். ஒரு மணியிலிருந்து ஆறுவரை நான். இரண்டு பேருக்கும் ஒரே நாற்காலி, ஒரே கம்ப்யூட்டர். இந்தப் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் எனக்குப் பதினோரு வருஷம், அவளுக்கு எட்டு மாதம். ஏப்ரல் முதல் மேசைக்கு ஒரே ஆள்தான், முழு நாளும் அவரே, என்று மேனேஜர் போன வாரம் சொல்லிவிட்டார். யார் என்பதை மாதக் கடைசியில் பெரிய டாக்டர் முடிவு செய்வாராம். மற்றவள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

வீட்டில் சம்பளம் வாங்குவது நான் ஒருத்தி. என் வீட்டுக்காரர் இவருக்கு முதுகு போய் மூன்று வருஷமாகிறது. மகளுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி. ஆகவே நான் வீட்டுக்குப் போகப்போவதில்லை.

ஆறு மணிக்கு மெயின் சுவிட்சை இறக்கி, கதவைப் பூட்டி, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு ஆறு பத்து பஸ்ஸைப் பிடித்தேன். அது ஒன்றாவது ஒழுங்காக நடந்தது.

மார்ச் 4, புதன்

1:20, 2:05, 3:50, 5:30. நான்கு முறை.

மார்ச் 5, வியாழன்

ஷிப்ட் மாறும்போது அவளிடமே கேட்டுவிட்டேன். "காலைல எத்தனை தடவை விழுந்துச்சு?"

"இல்லையேக்கா. எனக்கு ஒழுங்காத்தான் ஓடுச்சு."

ஒழுங்காகத்தான் ஓடியதாம்! அப்படியென்றால் என்ன அர்த்தம்? எனக்குக் கை வைக்கத் தெரியவில்லை என்றுதானே? சொல்லிவிட்டு நகப்பூச்சு காய ஊதிக்கொண்டே பையை எடுத்துக்கொண்டாள். அந்தச் சிவப்பு என் கீபோர்டில் 'ந' எழுத்தின் மேல் ஒரு சொட்டு விழுந்து காய்ந்திருக்கிறது. நானும் ஒரு வாரமாகச் சுரண்டிப் பார்க்கிறேன்.

அக்கா என்று வேறு கூப்பிடுகிறாள். இவளோடு பிறந்த பாவத்தை நான் எப்போது செய்தேன்?

போகும்போது தானாகவே ஒன்று சொன்னாள். "இந்த வேலை போச்சுன்னா ஹாஸ்டல காலி பண்ணிட்டு அண்ணன் வீட்டுக்குத்தான் போகணும்க்கா. அங்க போனா..." என்று நிறுத்தினாள். நான் கேட்கவில்லை. கேட்டால் இரக்கப்பட வேண்டியிருக்கும்.

மார்ச் 6, வெள்ளி

இன்று மானம் போயிற்று. நாலு மணிக்கு வேர் சிகிச்சைக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேர். முதல் பதிவை நான் போடும்போது பிரவுசர் விழுந்தது. சேமிக்கவில்லை என்று நினைத்து இன்னொருவருக்கு அந்த நேரத்தைக் கொடுத்தேன். முதலாவதும் சேமிக்கப்பட்டுத்தான் இருந்திருக்கிறது! இருவரும் காத்திருக்கும் அறையில் அடித்துக்கொள்ளாத குறை. ஒருவர் தன் பல்லின் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எனக்குத்தான் ஆழமா போயிருக்கு, பாருங்க" என்று எல்லாருக்கும் காட்டினார்.

மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டார். "அந்தப் பொண்ணு இருக்கறப்ப இப்படி எதுவும் நடக்கறதில்லையே. உங்களுக்குப் புது சிஸ்டம் கஷ்டமா இருக்கா?"

கஷ்டமாம். இவர் இந்த மருத்துவமனைக்குள் கால் வைப்பதற்கு முன்பே இந்த இடத்தைக் கட்டி மேய்த்தவள் நான். கருவிகளைக் கொதிக்க வைக்கும் பெட்டியை ஒருநாள் யாரோ அணைக்காமல் போய், அறை முழுக்கக் கரி பிடித்தது. அன்றைக்குப் பெரிய டாக்டர் யாரைக் கூப்பிட்டார்? என்னை. "இனிமே மெயின் உங்க பொறுப்பு. சாயங்காலம் எல்லாம் அணைஞ்சிருக்கணும்" என்றார். அன்றிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. வேறு யாராவது தொட்டால் கையை வெட்டுவேன் என்று வாட்ச்மேனிடம் சொல்லியே வைத்திருக்கிறேன்.

எனக்குக் கஷ்டமில்லை. கம்ப்யூட்டரை யாரோ கெடுக்கிறார்கள். யார் என்று சொல்லவும் வேண்டுமா?

மார்ச் 7, சனி

ரீஸ்டார்ட் வந்தான். கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்கு நான் வைத்த பெயர் அது, எதைச் சொன்னாலும் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்பான். இன்று மட்டும் கொஞ்சம் வேலை செய்தான்.

பிரவுசரைத் திறந்ததும், "யாருங்க இத்தனை டேப் திறந்து வெச்சிருக்கறது?" என்றான். எட்டிப் பார்த்தேன். பதினேழு. பெண்கள் விடுதி, வாடகைக்கு அறை, வேலை வாய்ப்பு, மறுபடியும் பெண்கள் விடுதி. நடுவில் பாட்டு ஒன்று. முன்பதிவுப் பக்கம் பதினாறாவதாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. இது போதாதென்று பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு மூன்று கூடுதல் சமாசாரங்கள்: தள்ளுபடி தேடித் தர ஒன்று, பூனைப் படம் மாற்ற ஒன்று, மூன்றாவது எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை.

"இதெல்லாம் யாரு போட்டது?"

"நான் இல்ல" என்றேன். அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னபோது எவ்வளவு இனித்தது!

பழைய குப்பையை அழித்தான். கூடுதல்களைக் கழற்றினான். வைரஸ் இருக்கிறதா என்று தேடினான், இல்லை. பிரவுசருக்குள் நம் பக்கங்கள், கடவுச்சொற்கள் எல்லாம் இருக்கும் கணக்கு ஏதோ உடைந்துபோயிருக்கிறது என்று சொல்லி அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்தான். எப்படிச் செய்வது என்று பார்த்து வைத்துக்கொண்டேன். பூனை ஒழிந்தது.

போகும்போது, "டெய்லி ஒழுங்கா ஷட்டவுன் பண்ணுங்க" என்றான். எங்கள் டாக்டர் எல்லாரிடமும் "ரெண்டு வேளை பல்லு விளக்குங்க" என்று சொல்லி அனுப்புவது போல.

மார்ச் 8, ஞாயிறு

மகள் இந்த நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டாள். "அம்மா, நீ டைரி எழுதறியா, எஃப்ஐஆர் எழுதறியா?"

பிடுங்கி வைத்துவிட்டேன். இரண்டும்தான்.

மார்ச் 9, திங்கள்

மகாராணி ஒரு வாரம் லீவு. அண்ணன் கூப்பிட்டிருக்கிறாராம். பெரிய டாக்டரும் வெள்ளிவரை ஏதோ மாநாட்டுக்குப் போயிருக்கிறார். இந்த வாரம் முழுக்க நானே காலையும் மாலையும். டாக்டர் இல்லாததால் ஐந்து மணிக்கே முன்பதிவு முடிந்துவிடுகிறது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஆறுவரை நோயாளிகளின் பழைய அட்டைகளை அடுக்கினேன்.

பிரவுசர் ஒருமுறைகூட விழவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

ஒன்றுமில்லை.

மார்ச் 11, புதன்

ஒன்றுமில்லை!

மார்ச் 13, வெள்ளி

ஐந்து நாள். காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்துவரை. ஒரு வெள்ளைத் திரை இல்லை, ஒரு மன்னிப்புக் கேட்கும் அறிவிப்புப் பெட்டி இல்லை. அவள் இல்லை, கோளாறும் இல்லை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும்.

மார்ச் 16, திங்கள்

வந்துவிட்டாள். முகம் சரியில்லை. கண்ணுக்குக் கீழே கருப்பு. "ஊர்ல என்ன விசேஷம்?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "ஒண்ணுமில்லக்கா" என்று சொல்லிவிட்டு, போகும்போது என் தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைத்துவிட்டுப் போனாள். எதற்கு இந்த நடிப்பு?

மார்ச் 18, புதன்

2:15. 4:40. நான் சொல்லவில்லை? அவள் வந்து மூன்றாவது நாள் ஆரம்பித்துவிட்டது.

மார்ச் 19, வியாழன்

மூன்று முறை. கடிதம் எழுதிவிட்டேன். பெரிய டாக்டருக்கு, மேனேஜர் வழியாக. தேதிகள், நேரங்கள், அவள் லீவில் இருந்த ஐந்து நாள் தனியாக, அடிக்கோடு போட்டு. பதினேழு டேப்பும் மூன்று கூடுதலும் தனிப் பத்தியில். 'வேண்டுமென்றோ அலட்சியத்தாலோ' என்று எழுதினேன். முதலில் 'அலட்சியத்தால்' என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தபோது காரம் குறைவாக இருந்தது.

மார்ச் 20, வெள்ளி

முடிந்தது.

இருவரையும் கூப்பிட்டார்கள். பெரிய டாக்டர் என் கடிதத்தை மேசைமேல் விரித்து வைத்திருந்தார். பற்களைப் பார்ப்பது போலவே ஒவ்வொரு வரியாகத் தட்டிக்கொண்டு போனார். பிறகு அவளிடம், "இந்த டேப் எல்லாம் நீ திறந்ததா?" என்றார்.

"ஆமா சார். ரூம் தேடிட்டு இருந்தேன். ஆள் இல்லாத நேரத்துலதான்..."

"லீவுல நீ போனப்ப மட்டும் எப்படி நல்லா ஓடுச்சு?"

 அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கும் காலைல விழுந்துச்சுக்கா. தினமும் விழுந்துச்சு. சொன்னா என்னை எடுத்துடுவாங்கன்னு பயந்துக்கிட்டு சொல்லல."

பொய் என்று நினைத்தேன். வாயாலும் சொன்னேன். "இன்னிக்குத்தான் ஞாபகம் வருதா?" என்றேன்.

டாக்டர் மாதக் கடைசிவரை காத்திருக்கவில்லை. இன்றே நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. மேசைக்கு வந்து தன் பேனாவையும் கைக்குட்டையையும் எடுத்துக்கொண்டாள். "நேரம் போட்டு எழுதி வெச்சிருந்தீங்களாக்கா? இத்தனை நாளும்?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமா."

தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.  ஒருத்தி போகத்தான் வேண்டும் என்றால் யார் போவது? நான் போயிருந்தால் அவள் அழுதிருப்பாளா?

மார்ச் 21, சனி

ரீஸ்டார்ட் செய்ததைப் பார்த்து வைத்திருந்தேன் அல்லவா, அதன்படி நானே உடைந்த கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்று போட்டேன். பிரவுசர் பிள்ளைப்பூச்சி போல அடங்கி ஓடுகிறது. புது சிஸ்டம் எனக்குக் கஷ்டமாம்! மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்று பார்த்தேன்.

மார்ச் 23, திங்கள்

முழு நாள். எட்டரை முதல் ஆறு வரை. விழவில்லை. கால்தான் வீங்குகிறது.

மார்ச் 25, புதன்

காலை 11:10க்கு விழுந்தது.

அவள் விட்டுப்போன குப்பையின் மிச்சமாக இருக்கும்.

மார்ச் 26, வியாழன்

மூன்று முறை. எந்த மிச்சம்? கணக்கே புதிது. நான் போட்டது. நான் தவிர யாரும் தொடவில்லை.

நேரம் குறிக்கவில்லை. யாரிடம் காட்டுவதற்கு?

மார்ச் 27, வெள்ளி

மேனேஜர் போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. வேறு ஏதோ கிளினிக்கிலிருந்து விசாரித்திருக்கிறார்கள். "அந்தப் பொண்ணா? சிஸ்டத்தையே கெடுத்து வெச்சுட்டுப் போச்சுங்க. ரிட்டன் கம்ப்ளெயின்ட் இருக்கு. உங்க இஷ்டம்."

ரிட்டன் கம்ப்ளெயின்ட். என் கையெழுத்து.

அவர் பேசி முடித்தபோது என் முன்னால் திரை வெளுத்துக் கிடந்தது. நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 28, சனி

ரீஸ்டார்ட் மறுபடி வந்தான். இந்த முறை பெட்டியையே திறந்தான். உள்ளே இருக்கும் மெமரி அட்டைகளைக் கழற்றி, அதன் பொன் நிற ஓரத்தைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து, மறுபடி செருகினான். சோதனை ஓடவிட்டான். தவறு ஒன்றும் இல்லை. பிரவுசரை நீக்கிவிட்டு முதலிலிருந்து போட்டான். பிறகு தாடையைச் சொறிந்துகொண்டு, "இருங்க, இது என்ன எழுதி வெச்சிருக்குன்னு பாப்போம்" என்று ஏதோ ஒரு பட்டியலைத் திறந்தான்.

எது என்ன எழுதி வைத்திருக்கிறது?

கம்ப்யூட்டர் தனக்கு நடப்பதை எல்லாம் தானே தேதி, நேரம் போட்டு எழுதி வைக்குமாம். எனக்குத் தெரியாது. நான் ஒரு நோட்டு எழுதிக்கொண்டிருக்க, எதிரில் உட்கார்ந்து அதுவும் என்னைப் பற்றி ஒன்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.

விரலால் தட்டிக்கொண்டே வாசித்தான். "நேத்து ஆறு மணி, கரன்ட் திடீர்னு நின்னிருக்கு. முந்தாநாள் ஆறு மணி. அதுக்கு முந்தின நாள் ஆறு மணி ஒரு நிமிஷம். என்னங்க இது, உங்க ஆபீஸ்ல மட்டும் தினமும் கரெக்டா ஆறு மணிக்குக் கரன்ட் போகுதா?"

ஆறு மணிக்கு மெயின் இறங்குவது என் கையால்.

அவன் பாட்டுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். ஷட்டவுன் கொடுத்ததும் திரையில் வட்டம் சுற்றுகிறதே, அப்போதுதான் கம்ப்யூட்டர் பாதியில் இருக்கும் எல்லாவற்றையும் எழுதி மூடுகிறதாம். அது முடிவதற்குள் மெயினை இறக்கினால் எழுதினது பாதியில் அறுந்துபோகும். நாள்போக்கில் பிரவுசரின் கணக்கு சிதைந்துபோகும். புதிதாகப் போட்டால் மூன்று நாலு நாள் தாங்கும். மறுபடி சிதையும். பழைய கம்ப்யூட்டர் அரை நிமிஷத்தில் அணைந்துவிடும். இது மூன்று நாலு நிமிஷம் எடுத்துக்கொள்கிறது. மூன்று நாலு நிமிஷம் நின்றால் ஆறு பத்து பஸ் போய்விடும். நான் வட்டத்தைச் சுற்றவிட்டு மெயினை இறக்கிவிடுவேன். தினமும். பெருமையாக.

"இங்க பாருங்க, ஒன்பதாம் தேதிலேருந்து பதிமூணு வரைக்கும் மட்டும் ஒண்ணுமே இல்ல. அந்த வாரம் யாரோ ஒழுங்கா அணைச்சிருக்காங்க."

அந்த வாரம் நான்தான். ஐந்து மணிக்கே அணைத்துவிட்டு அட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடிக்கோடு போட்ட ஐந்து நாள்.

"மெயினை யாருங்க இறக்கறது?" என்றான்.

வாட்ச்மேன் என்று சொன்னேன்.

ஆமாம், சொன்னேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று எழுத வந்தேன். தானாக எல்லாம் சொல்லவில்லை. ஒரு நொடி யோசித்து, யார் மேல் போட்டால் நிற்கும் என்று பார்த்துத்தான் சொன்னேன். இந்த நோட்டிலாவது உண்மையை எழுதித் தொலைக்கிறேன்.

மார்ச் 30, திங்கள்

ரீஸ்டார்ட் மேனேஜரிடம் சொல்லியிருக்கிறான். மேனேஜர் வாட்ச்மேனை நோயாளிகள் முன்னாலேயே கிழி கிழி என்று கிழித்தார்.  சாயங்காலம் நான் சாவி கொடுக்கப் போனபோது வாட்ச்மேன் கையை நீட்டவில்லை.

"மெயின் பக்கம் போனா கைய வெட்டுவேன்னு சொன்னது யாரும்மா?"

நான் நின்றேன்.

"அறுபது வயசாகுது எனக்கு. இன்னிக்கு அந்த ஆளு என்ன பேச்சு பேசினாரு, கேட்டுட்டுத்தானே உக்காந்திருந்தீங்க? கம்ப்யூட்டர்ல பாக்கற மாதிரி நடிச்சீங்க. நான் பாத்தேன்."

சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். ஆறு பத்து பஸ் வந்து நின்றது. அதில் ஏறப் பிடிக்கவில்லை, நடந்தேன்.

மார்ச் 31, செவ்வாய்

காலையில் மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். மெயினை இறக்குவது நான். வாட்ச்மேன் இல்லை. அந்தப் பெண்ணும் இல்லை. கோளாறு முழுக்க என்னுடையது.

அவர் கதவைச் சாத்தினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "சரி, விடுங்க. இப்ப காரணம் தெரிஞ்சுபோச்சு, கம்ப்யூட்டரும் ஓடுது. நாளையிலேருந்து சீட்டு உங்களுக்குத்தான். எதுக்குக் கிளறிட்டு இருக்கீங்க?" என்றார். 

"அந்தப் பொண்ணு?"

"அது போயாச்சும்மா. போனதைப் போய் கூப்பிட்டு வருவாங்களா? நாமதான் தப்பா அனுப்பினோம்னு வெளிய தெரிஞ்சா நல்லாவா இருக்கும்? வாட்ச்மேன்கிட்ட நான் பேசிக்கறேன். நீங்க சும்மா இருங்க, வேலை இருக்கும்."

சும்மா இருந்தால் வேலை இருக்கும். இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஏப்ரல் 1, புதன்

நாற்காலி முழுக்க என்னுடையது. பிரவுசர் விழவில்லை. ஆறு மணிக்கு வட்டம் சுற்றி முடிக்கும்வரை எதிரில் நின்றேன். நாலு நிமிஷம். நாலு நிமிஷம் எவ்வளவு நீளம் தெரியுமா? அதில் ஒரு ஆளின் வேலை போய்விட்டது.

மதியம் அவளுக்குப் போன் செய்தேன். மூன்றாவது தடவைதான் எடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு மணி, மெயின், வட்டம், அந்த ஐந்து நாள். கடைசியில், "என்னை மன்னிச்சிடும்மா" என்றேன்.

 

"மன்னிப்பெல்லாம் வேணாம். பேப்பர் வேணும்."

"என்ன பேப்பர்?"

"எனக்கு எதிரா எழுதிக் கொடுத்தீங்கல்ல, அதே மாதிரி. தேதி போட்டு, டைம் போட்டு, கையெழுத்துப் போட்டு. ரெண்டு கிளினிக்ல எடுக்கறதா இருந்தாங்க. உங்க மேனேஜர்கிட்ட பேசிட்டு வேணாம்னுட்டாங்க. ஹாஸ்டல்ல பத்தாம் தேதி வரைக்கும்தான் இருக்கலாம். அப்புறம் அண்ணன் வண்டி அனுப்பறேன்னு சொல்லியிருக்கார். அங்க போனா என்னைத் திரும்பி வர விடமாட்டாங்க. போன தடவையே ரூம்ல வெச்சுப் பூட்டிட்டாங்க. ஜன்னல் வழியாத்தான் வந்தேன்."

அன்றைக்கு அவள் நிறுத்திய வாக்கியம் இதுதான். நான் கேட்காமல் விட்டது.

ஏப்ரல் 2, வியாழன்

எழுத உட்கார்ந்தேன். இரண்டு தாள் கிழித்துப் போட்டேன். அது வெளியே போனால் என் வேலை போகும், அதில் சந்தேகமே இல்லை. இவரிடம் சொன்னேன். முதுகை நிமிர்த்த முடியாமல் படுத்தபடியே, "உனக்கு வேற வேலை எங்க கிடைக்கும் இந்த வயசுல?" என்றார். நியாயமான கேள்வி.  மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா, நீ எழுதலேன்னா நான் எழுதிடுவேன். உன் நோட்டு முழுக்கப் படிச்சிட்டேன்" என்றாள். அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை. 

அவள் படித்துவிட்டாள் என்ற வெட்கத்தில்தான் பேனாவை எடுத்தேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

மதிய இடைவேளையில் அந்தப் பெண்ணைப் பஸ் நிறுத்தத்துக்கு வரச் சொன்னேன். வந்தாள். இளைத்திருந்தாள். நகப்பூச்சு இல்லை. தாளை வாங்கி நின்றபடியே முழுக்கப் படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள். பிறகு திருப்பி நீட்டினாள்.

"'தெரியாமல் செய்துவிட்டேன்'னு ஆரம்பிச்சிருக்கீங்க. அது உங்களுக்கு. எனக்கு வேண்டியது 'அவள் செய்யவில்லை'. அது முதல் வரியில வரணும். படிக்கறவங்க முதல் வரிதான் படிப்பாங்க."

பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து, முழங்கால்மேல் பையை வைத்து, அதன்மேல் தாளை வைத்து மறுபடி எழுதினேன். எதிரிலேயே நின்றாள். மூன்று பஸ் வந்து போயிற்று. 'வேண்டுமென்றோ அலட்சியத்தாலோ' என்று அவளைச் சொன்னது பொய் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். சேர்த்தேன். கீழே என் போன் நம்பர் வேண்டும் என்றாள், விசாரித்தால் நான்தான் பேச வேண்டுமாம். போட்டேன். கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை. தன் பேனாவைக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டாள், போய்விட்டாள். நன்றி இல்லை. எதற்கு நன்றி?

ஒரு பிரதியைப் பெரிய டாக்டரின் மேசையில் வைத்தேன். வாட்ச்மேன் மேல் தவறில்லை என்பதையும் அதில் தெளிவாக எழுதியிருந்தேன்.

ஏப்ரல் 4, சனி

"பதினோரு வருஷம் கூட இருந்துட்டு, வெளிய பேப்பர் கொடுத்துட்டீங்களே" என்றார் பெரிய டாக்டர். என் தவறைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேப்பர்தான் அவருக்கு வலித்தது. திங்கள் முதல் வரவேண்டாம் என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் நன்றாக நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஒரு பெண்ணை ஐந்து நிமிஷத்தில் வெளியே அனுப்பியவர் நீங்கள்தானே, ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால் என்ன? ஆனால் அந்தக் கடிதத்தைக் கொடுத்தது யார்? வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

ஏழரை மணிக்குக் குளித்து, உடுத்தி, பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன். பிறகு உள்ளே போய் உட்கார்ந்தேன். இவர் பார்க்காதது போல் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

ஒரு கிளினிக்கிலிருந்து ஒரு அம்மாள் போன் செய்தார். "நீங்கதானே இந்த லெட்டர் எழுதினது? உண்மையா?" என்று கேட்டார். உண்மை என்றேன். "ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்றார். அவளுடைய இடம் எனக்கு வேண்டியிருந்தது என்றேன்.  "அந்தப் பொண்ணு வேலை எப்படி?" என்றார். நோயாளிகளிடம் பொறுமையாகப் பேசுவாள், கம்ப்யூட்டர் என்னைவிட நன்றாகத் தெரியும் என்றேன். இரண்டும் உண்மை. எட்டு மாதமாக எனக்குத் தெரிந்த உண்மை.

ஏப்ரல் 9, வியாழன்

மதியம் ஒரு மணிக்கு அவள் நம்பரிலிருந்து அழைப்பு. எடுத்தேன்.

"சேந்துட்டேன்."

அவ்வளவுதான். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள். பின்னால் யாரோ பல் வலி என்று சொல்லிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் ஒரு நொடி கேட்டது. நான் போனைக் கீழே வைத்துவிட்டு, மகள் குறித்துக் கொடுத்திருந்த வேலை விளம்பரங்களில் இரண்டாவது நம்பருக்குப் போட்டேன். வயது எத்தனை என்று கேட்டார்கள். சொன்னேன்.